இரண்டாவது அழுத்தலில் செத்த பட்டியல்

சிந்தாதிரிப்பேட்டை,
வெள்ளிக்கிழமை

என் அக்கா மகன் அஃப்தாபுக்கு மாமா அப்துல் வஹீத் சலாம் சொல்லி எழுதுவது. இங்கே உன் மாமி ஜைதூன் பீயும் கல்யாணப் பெண் மஹ்விஷும் நலம். நேற்று மதியம் நலமில்லை. இப்போது அல்ஹம்துலில்லாஹ், நலம். உன்மேல் இருந்த கோபமும் இறங்கிவிட்டது, பயப்படாமல் மேலே படி.

நம் அச்சுக்கடைக்கு நீ எழுதிக் கொடுத்த விலாசப் புரோகிராமில்தான் கல்யாணத்துக்கு அழைக்க வேண்டியவர்களை மூன்று வாரமாக ஏற்றினேன். அறுநூற்றுப் பன்னிரண்டு வீடு. ஒரு வீடு விட்டுப்போனாலும் அந்த வீட்டோடு ஆயுசுக்கும் பேச்சு இருக்காது. கையால் எழுதிய தாளையெல்லாம், "அதான் கம்ப்யூட்டர்ல கீதே" என்று மாமி சமோசா எண்ணெய் வடியப் போட்டுவிட்டாள். நேற்று பழைய லினக்ஸ் பெட்டியிலிருந்து எல்லாவற்றையும் புது லேப்டாப்புக்கு மாற்றினோம். அது வேறு சிஸ்டம்.

எனக்கு எதையும் இரண்டு தடவை செய்தால்தான் மனசு ஆறும். ஷட்டரைப் பூட்டினால் இழுத்துப் பார்ப்பேன். வேலையை நிறுத்த கண்ட்ரோலும் சி-யும் அழுத்தச் சொன்னாயே, அதையும் இரண்டு தடவைதான். பழைய பெட்டி பத்து தடவை அழுத்தினாலும் 'சேமிக்கிறேன், பொறுங்க' என்று தன்மையாகச் சொல்லும். புதுசு முதல் தடவை அதே மரியாதை காட்டிச்சு. ரெண்டாவது தடவை பொட்டுனு செத்துப் போச்சு. திறந்து பார்த்தா மிச்சம் நாப்பது வீடு, அத்தனையும் என் பக்கத்து ஜனம்! "உங்க ஆளுங்க மட்டும் பத்திரமா கீறாங்க, என் ஆளுங்க காணோமா?" என்று மாமி பிடித்துக்கொண்டாள்.

மஹ்விஷ்தான் வந்து பார்த்தாள். "அத்தா, நிறுத்துன்னு சிக்னல் போனா, அஃப்தாப் மச்சான் சொல்லி வெச்சபடி இந்த சிஸ்டம் ஒரு தடவைதான் கேக்கும். உடனே மறந்துடும். அடுத்த சிக்னலுக்குப் புரோகிராமையே கொன்னுடும். பழைய பெட்டி மறக்காது. பட்டியலை எழுதிக்கினு இருக்கும்போதே கொன்னுட்டீங்க" என்றாள். அப்புறம் ஏதோ தட்டினாள். சேமிக்கும் முன் பழையதை ஒரு நகல் எடுத்து வைக்க நீ எழுதியிருந்தாயாமே! அறுநூற்றுப் பன்னிரண்டும் வந்து நின்றது. உன்னைத் திட்டின வாயாலேயே துஆ செய்தேன், கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. இனி ஒவ்வொரு சிக்னலுக்கும் சிஸ்டத்துக்கு மறுபடி ஞாபகப்படுத்த ஒரு வரியும் சேர்த்துவிட்டாள். போன உசிரு திரும்பி வந்துச்சுடா.

உன் ஆயுசும் உத்தியோகமும் அல்லாஹ் கிருபையில் நிலைக்கட்டும். அக்காவுக்கு என் சலாம்.

உன் மாமா,
அப்துல் வஹீத்

பி.கு.: பட்டியல் கிடைத்ததை யாரிடமும் சொல்லாதே. மண்டபத்தில் ஐந்நூறு பேருக்குத்தான் இடம். "போனது போனதாவே இருக்கட்டும். பாதிப் பேரைக் கூப்பிடாம மெஷின் மேல பழியைப் போட்டுடலாம்" என்று மாமி சொன்னாள், நானும் சரி என்றேன். இதை எழுதும்போதே மேற்கு மாம்பலத்திலிருந்து அவள் அண்ணன் ஷரீஃப் வந்து நிற்கிறார்: "பட்டியல் போச்சுன்னு தங்கச்சி நேத்து போன்ல அழுதுச்சே, மனசு கேக்கல மச்சான். நம்ம ஜமாத் குரூப்பு, ஸ்கூல் குரூப்பு, வாக்கிங் குரூப்பு, எல்லா வாட்சாப்லயும் 'குடும்பத்தோட வாங்க'ன்னு போட்டுட்டேன்!"