டீச்சரம்மாவுக்கு ஒரு அடுக்கு

"டீச்சரம்மா உப்பு கம்மின்னு சொன்னாங்க," என்றாள் அம்சவல்லி, சாப்பாட்டு டப்பாவை அப்பாவிடம் நீட்டியபடி.

இருளப்பன் திறந்து பார்த்தான். ஒரு பருக்கை இல்லை. குறையும் சொல்லிவிட்டு வழித்தும் தின்றிருக்கிறார்கள்.

"சோறு உனக்குக் கட்டினேனா, டீச்சரம்மாவுக்கா?"

"எல்லார் டப்பாவையும் ருசி பாப்பாங்கப்பா. பிள்ளைங்க நல்லதாச் சாப்பிடணும்ல."

இரண்டாம் வகுப்புப் பிள்ளை இதில் என்ன பொய் சொல்லப்போகிறது? பள்ளிக்கூடம் கீழே ரிங்லெட் டவுனுக்குப் போகிற சாலையில் இருந்தது. மேலே தேயிலை ஆலையில் இலை வாட்டுகிற இருளப்பன் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. பேர் பதிந்தது முதல் எல்லாம் அவன் மனைவி நீலாவதிதான்.

அவள்தான் இப்போது வீட்டில் இல்லை. ரிங்லெட்டில் அவள் அண்ணன் மாடசாமி வீட்டில் பிரசவம். நாற்பது நாள் கூட இருந்துவிட்டு வருவதாகப் போனாள். போவதற்கு முந்தின நாள், விடியற்காலையில் பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்கிற வரிசைக்கு, ஆள் கூப்பிடும் நேரத்தில், இருளப்பன் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஒரு டப்பாவுல சோத்த அமுக்குறதுக்கு இவ்வளவு நேரமா? இதெல்லாம் ஒரு வேலையா?"

மறுநாள் புறப்படும்போது நீலாவதி டப்பாவை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அவ்வளவுதான்.

நாற்பது நாள் முடிந்து மேலே பதின்மூன்று நாள் ஆயிற்று. அவள் வரவில்லை. அவனும் கூப்பிடப் போகவில்லை. போனால், டப்பா கட்டுவது ஒரு வேலைதான் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். சாயங்காலம் பனி இறங்கும் நேரத்தில் ரிங்லெட்டிலிருந்து ஏறி வரும் லாரிச் சத்தம் கேட்டால் மட்டும் வாசலுக்குப் போய் நிற்பான். லாரி நிற்காமல் வளைவில் திரும்பிவிடும். அந்தச் சத்தம் முழுசாக அடங்கும்வரை நின்றுவிட்டு உள்ளே வருவான்.

மறுநாள் உப்பைக் கூட்டினான்.

"கடல் தண்ணியில வடிச்சீங்களான்னு டீச்சரம்மா கேட்டாங்க. காயும் வைக்கணுமாம்."

முட்டைக்கோஸ் வாங்கி அரைமணி நேரம் வேகவைத்தான்.

"மாட்டுக்கா வேக வச்சீங்கன்னு கேட்டாங்க."

அடுத்த நாள் வேகவைக்காமலே நறுக்கிப் போட்டான்.

"மாடு நேரா தோட்டத்துல மேஞ்சமாதிரி இருக்காம்."

முட்டை அவித்து வைத்தான். ஓட்டோடு வைத்ததற்கு ஒரு பேச்சு. ஆனால் எது வைத்தாலும் டப்பா மட்டும் கழுவியதுபோலத்தான் திரும்பி வந்தது.

"அப்புறம், அளவு பத்தலயாம்," என்றாள் அம்சவல்லி.

"யாருக்கு?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "டீச்சரம்மாவுக்கும் பசிக்கும்லப்பா."

இருளப்பன் பரணிலிருந்து ரெண்டு அடுக்குக் கேரியரை இறக்கினான். காலையில் அதைக் குழாயடியில் கழுவும்போது பக்கத்து வீட்டு வேலாயி பார்த்துவிட்டாள்.

"ஒரு பிள்ளைக்கு ரெண்டு அடுக்கா?"

"கீழ அடுக்கு பிள்ளைக்கு. மேல அடுக்கு டீச்சரம்மாவுக்குக்கா."

வேலாயி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை என்றால் விஷயம் பெரிது என்று அர்த்தம். மத்தியானத்துக்குள் ஆலைக்குள்ளேயே பேச்சு வந்துவிட்டது.

"நம்ம இருளப்பன் டீச்சரம்மாவுக்குக் கத்திரிக்கா வதக்குறானாம்லா."

"ஆமாலா, பொண்டாட்டி வராததுக்கு இப்பத்தான் காரணம் தெரியுது."

அன்று சாயங்காலம் அம்சவல்லி கேரியரை வைத்துவிட்டுச் சொன்னாள். "உங்களுக்கு இருமல் விட்டுச்சான்னு டீச்சரம்மா கேட்டாங்க. இஞ்சி தட்டிப் போட்டுக் குடிக்கணுமாம்."

நீலாவதி போனதிலிருந்து இருளப்பனின் இருமலை யாரும் கேட்டதில்லை. இஞ்சித் தேநீர் போட்டு, கொடியில் கிடந்த நீலாவதியின் பழைய சேலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து குடித்தான். இருமல் அடங்கியது. பயம் பிடித்துக்கொண்டது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வேலாயி குரல் கொடுத்தாள். "நாளைக்கு மத்தியானம் ரிங்லெட்டுக்குப் போறேன் இருளப்பா. மாடசாமி வீட்டுல ஏதாச்சும் சொல்லணுமா?"

"ஒண்ணும் சொல்ல வேணாக்கா."

"ஒண்ணுமே சொல்லாம எப்படிப்பா வர்றது?"

விடிந்ததும் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்தான். பள்ளிக்கூட லாரியில் அம்சவல்லியை வெறுங்கையோடு ஏற்றினான்.

"இன்னிக்குச் சாப்பாட்ட நானே கொண்டாறேன். உன் டீச்சரம்மாகிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்."

"வேணாம்பா," என்ற பிள்ளையின் முகம் அழுகைக்குப் போய்விட்டது.

அடுப்பில் ஏதோ நினைப்பாகக் கிளறிக்கொண்டிருந்தவன் வாசனை வந்தபிறகுதான் கவனித்தான். கை தானாக மிளகாய் அரைத்துப் போட்டு நெத்திலி சம்பல் செய்திருந்தது, நீலாவதிக்குப் பிடித்தமாதிரி புளி தூக்கலாக. அதைப் போய் மேல் அடுக்கில் வைக்கவேண்டியிருக்கிறதே என்று முனகிக்கொண்டே வைத்து மூடினான்.

கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு குறுக்குவழியில் இறங்கியும், போய்ச் சேரும்போது ஓய்வுநேரம் தொடங்கிப் பாதி போய்விட்டது. நீளமான ஒரு பலகைக் கட்டடம். வாசலில் கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர், விரலெல்லாம் சாக்பீஸ் தூள். பழனியப்பன் வாத்தியார் என்று அங்கே நின்ற பிள்ளை சொன்னது.

"சார், நான் அம்சவல்லியோட அப்பா. டீச்சரம்மாகிட்ட நேராப் பேசக் கூச்சமா இருக்கு. நீங்களே சொல்லிடுங்க." கேரியரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டான். "இனிமே எம்பிள்ளை சாப்பாட்ட ருசி பாக்க வேணாம். என் இருமலையும் கேக்க வேணாம். எனக்குச் சம்சாரம் இருக்கா சார். அவ இல்லாம வீட்டுல அடுப்புகூட ஒழுங்கா எரியல. ஒரு டப்பா கட்டுறது எவ்வளவு பெரிய வேலைன்னு இப்பத்தான் தெரியுது. இத அவகிட்டயே சொல்லி இன்னிக்கே கூட்டிட்டு வரப்போறேன். அதுக்குள்ள வேற பேச்சு அவ காதுக்குப் போயிடக்கூடாது."

இவ்வளவு பேச்சை அவன் ஒரே மூச்சில் எவரிடமும் பேசியதில்லை. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு, அவன் தோளுக்கு மேலாக வேலிப்பக்கம் பார்த்தார்.

"இங்க டீச்சரம்மான்னு யாருமே இல்லீங்க, நான் ஒருத்தன்தான், தினம் வேலியோரம் வந்து, தான் கொண்டாந்த சோத்தப் பிள்ளைக்கு ஊட்டிவிட்டுட்டு நீங்க கட்டினத வழிச்சுச் சாப்பிடுற உங்க சம்சாரம் அதோ பசியோட நிக்குறாங்க, ஆறிப்போறதுக்குள்ள கொண்டுபோய்க் குடுங்க."