ஆந்தைக் கண் ஷூவும் அக்கா கட்டிய கேரியரும்

அன்றைக்கு எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். மாமாவுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர், சேகர். காலையில் எங்கள் ஊர் மாதனூருக்கு வந்த கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் கேரியரை மறந்துவிட்டுப் போய்விட்டார். எண்பதுகளின் கடைசி. நான் பிளஸ் டூ முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று யோசிப்பதையே முழுநேர வேலையாக வைத்திருந்தேன். ஐம்பதைத் தாண்டிய பிறகும் அதே வேலையில்தான் இருக்கிறேன்.

"டேய், சும்மாதான இருக்க. சாப்பாட்டு மணி அடிக்கிறதுக்குள்ள குடுத்துட்டு வா," என்றாள் அக்கா.

கேரியரை எடுத்தேன். அதோடு நின்றிருக்கலாம். ஷூவையும் எடுத்து மாட்டினேன்.

அந்த ஷூவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மாமா வேலை பார்த்த ஆம்பூர் கம்பெனியில் அப்போது ஷூவின் மேல்பாகத்தை மட்டும்தான் தைப்பார்கள். அப்பர் என்று பெயர். அது கப்பலேறி ஜெர்மனிக்குப் போகும். அடிப்பாகத்தை அங்கே ஒட்டிக்கொள்வார்கள். பக்கவாட்டில் மஞ்சள் தோலில் ஒரு ஆந்தைக் கண். அதுதான் அந்த பிராண்டின் முத்திரை.

"ஓடுறதுக்கா மாமா இந்த ஷூ?" என்று ஒருமுறை கேட்டேன்.

"இல்ல மாப்ள. அந்த ஊர்ப் பசங்க தெருவுல சும்மா நிக்கிறதுக்காம்."

சும்மா நிற்பதற்கு ஒரு ஷூ! நாங்கள் அதை வெறுங்காலோடு செய்துகொண்டிருந்தோம். இப்போது ஸ்ட்ரீட்வேர் என்று பெயர் வைத்து, பெரிய தொழிலாகவே ஆக்கிவிட்டார்கள். தெருவில் நிற்பதற்கு இவ்வளவு மவுசு வரும் என்று அன்றே தெரிந்திருந்தால், அப்பாவிடம் வாங்கிய திட்டில் பாதியாவது குறைந்திருக்கும்.

தையல் பிசகிய அப்பர்களைக் கம்பெனி வெளியே விடாது. ஆந்தைக் கண் கண்டவன் காலிலெல்லாம் ஏறினால் பிராண்டுக்கு மதிப்புப் போய்விடுமாம். அதனால் ஒவ்வொன்றையும் கத்தியால் ரெண்டாக வெட்டிப் போட வேண்டும். வெட்டுவது யார் வேலை? மாமா வேலை.

அக்கா நச்சரித்த நச்சரிப்பில், ஒரே ஒரு ஜோடியை வெட்ட மட்டும் மாமாவுக்குக் கை வரவில்லை. காலி கேரியருக்குள் வைத்துக் கொண்டுவந்துவிட்டார். ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு ஓரம் குடை நட்டுச் செருப்பு தைக்கும் சின்னப்பன் அண்ணன், அதற்கு லாரி டயரில் அடி போட்டுக் கொடுத்தார்.

மேலே ஜெர்மனி, கீழே லாரி. நடந்தால் மண்ணில் லோடு வண்டி போன தடம் விழும். கேரியரில் வந்த வழியில் கருவாட்டுக் குழம்பு வாசனை வேறு ஏறியிருந்தது. தெருநாய்கள் மட்டும் அந்த ஷூவின் அருமையைப் புரிந்துகொண்டு பின்னாலேயே வந்தன.

"கம்பெனி பக்கம் மட்டும் போட்டுக்கினு வந்துராத மாப்ள. என் வேலை போயிரும்," என்று மாமா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

பிறகு ஏன் போட்டேன்? எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். பஸ்ஸில் நாலு பேர் பார்ப்பார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் கிடைக்கவில்லை.

பார்த்தார்கள்.

"இன்னா நைனா, லாரியக் கால்ல கட்டிக்கினு பஸ்ல வர்ற?" என்றார் கண்டக்டர்.

கம்பெனி வாட்ச்மேன் கேரியரைப் பார்த்துவிட்டு, காலைப் பார்க்காமல் உள்ளே விட்டார். வராந்தாவில் போய் நின்றேன். எதிரே மேனேஜர் அன்வர் பாய் வந்தார். கூடவே ஒரு ஜெர்மன்காரர், சரக்கு பார்க்க வந்தவர்.

ஜெர்மன்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார். ஆந்தைக் கண்ணும் அவரைப் பார்த்தது.

இங்கிலீஷில் படபடவென்று பொரிந்தார். எனக்குப் புரிந்தவரை, அது அடுத்த வருஷம் வரப்போகிற மாடல். அவர் ஊரிலேயே இன்னும் ஒருத்தன் காலில் ஏறவில்லை. மாதனூரில் ஏறிவிட்டது.

"இன்னா பேஜார் பா இது?" என்றார் அன்வர் பாய். "எங்க கெடச்சுது உனக்கு?"

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மாமா கத்தியும் கையுமாக நிற்பது தெரிந்தது. முகத்தில் ரத்தமே இல்லை.

"வெட்டிப் போட்டதுதான் பாய்," என்றேன். "குப்பையில எடுத்து, பஸ் ஸ்டாண்டு சின்னப்பன் அண்ணன்கிட்ட குடுத்துத் தைச்சுப் போட்டுக்கினேன்."

"தையலா? ஒண்ணுமே தெரிலயே?"

"அதான் பாய் அவரு தையல். தெரியவே தெரியாது."

இந்தப் பொய்யை என் வாயில் யார் வைத்தது என்று இன்றுவரை விளங்கவில்லை. அன்வர் பாய் அதை இங்கிலீஷில் சொன்னார். ஜெர்மன்காரர் அங்கேயே மண்டி போட்டு, மூக்கு உரச உரச என் ஷூவைத் தடவிப் பார்த்தார். எழுந்தபோது அவர் கண்ணில் தண்ணீர். ஆச்சரியத்திலா, கருவாட்டிலா, தெரியவில்லை.

"இப்படித் தைக்கிற ஆள் அவங்க தேசத்துலயே கெடையாதாம்," என்றார் அன்வர் பாய். "உடனே பாக்கணுமாம். கார்ல ஏறு."

"பாய், மாமாவுக்கு சோறு..."

"ஏறுப்பா!"

கேரியரை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். ஜெர்மன்காரர் மறக்காமல், மாமா ரெண்டாக வெட்டிய ஒரு அப்பரையும் எடுத்துக்கொண்டார். நேரில் தைத்துக் காட்டச் சொல்வதற்கு.

சின்னப்பன் அண்ணனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. மாமா வேலை போகும். அக்கா என்னைக் கொல்லுவாள். மாமா தடுக்க மாட்டார். வழியெல்லாம் இதேதான் ஓடியது.

கார் நின்றதும் குதித்து ஓடினேன். கேரியரை அண்ணன் பக்கத்தில் வைத்துவிட்டு, "அண்ணே, எப்படியாவது காப்பாத்துங்கண்ணே!" என்றேன்.

"இன்னாத்துக்கு தம்பி?"

சொல்வதற்குள் இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். ஜெர்மன்காரர் ரெண்டு துண்டையும் கோயில் பிரசாதம் மாதிரி இரு கையால் நீட்டினார்.

"வெட்டினத தையல் தெரியாம தைப்பியாமே?" என்றார் அன்வர் பாய். "தைச்சுக் காட்டு."

சின்னப்பன் அண்ணன் துண்டுகளைப் புரட்டிப் பார்த்தார்.

"இத எவன் பாய் தைப்பான்? வெட்டினது எங்கிட்ட எங்க வருது? எல்லாம் முழுசாத்தான் வருது."

பாய் முதுகுக்குப் பின்னாலிருந்து வேண்டாம் என்று கையாட்டினேன்.

அண்ணன் நிறுத்தவில்லை. "போன வாரம் உங்க சின்னப் பையனுக்கு நீங்களே ஒரு ஜோடி கொண்டாந்தீங்களே பாய். அதுவும் முழுசுதான? டயர் நல்லா உழைக்குதா?"

ஜெர்மன்காரர் ஆவலோடு அன்வர் பாயின் வாயைப் பார்த்தார்.

அன்வர் பாய் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். தொண்டையைச் செருமினார். பிறகு அவர் பேசிய இங்கிலீஷ் எனக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது.

"தொழில் ரகசியமாம். பிறத்தியார் முன்னால் தைக்க மாட்டாராம்."

ஜெர்மன்காரர் சொக்கிப்போனார். சின்னப்பன் அண்ணனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அண்ணன் பதறி எழுந்து, ஊசியோடு திருப்பிக் கும்பிட்டார்.

கதை அங்கேயே முடிந்திருந்தால் செருப்புச் செலவாவது மிஞ்சியிருக்கும். அந்தக் கண்ணுக்குத் தெரியாத தையலை ஜெர்மன்காரர் தன் ஊரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டுமாம். என் ஷூவைக் கழற்றி வாங்கிக்கொண்டார். திரும்பும்போது கார் ஜன்னல் எல்லாவற்றையும் இறக்கிவிட்டுக்கொண்டார்.

கம்பெனி வாசலில் இறங்கும்போது அன்வர் பாய் என் காதோரம் குனிந்தார்.

"சேகர்தான உன் மாமா? இனிமே ரெண்டா வேணாம், நாலா வெட்டச் சொல்லு."

மாமா கேட்டிலேயே காத்திருந்தார். "மாப்ள... வேலை?"

"இருக்கு மாமா. இனிமே நாலா வெட்டணுமாம்."

அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் பசி வந்தது.

"சோறு எங்கடா?"

வெறுங்காலோடு, கொதிக்கிற தார் ரோட்டில் குதித்துக் குதித்து பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பி ஓடினேன். சின்னப்பன் அண்ணன் கேரியரைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு உதவின்னா வாயால கேட்டா போதாதா தம்பி? எதுக்கு சோறெல்லாம்?" என்றார். "கொழம்புல மட்டும் உப்பு கம்மி. அக்காகிட்ட சொல்லு."

அக்காவிடம் இன்றுவரை சொல்லவில்லை.