வெள்ளை சாக்ஸ் அங்கிளின் சந்தேகங்கள்

டெக்சாஸ் ஃபிரிஸ்கோவில் வெள்ளை சாக்ஸ் அங்கிளின் சந்தேகத்துக்குத் தப்பிய ஜீவன் ஒன்றுகூடக் கிடையாது. போனில் வழி சொல்லும் பெண் குரலைக்கூட அவர் நம்பியதில்லை. இவள் யாரிடம் போட்டுக் கொடுப்பாளோ என்று அணைத்துவிடுவார்.

ஈரோட்டுக்காரர். கம்பெனி வேலை போனதும் ஆன்ட்டியோடு சேர்ந்து வீடு கிளீனிங் தொழிலில் இறங்கினார். இங்கே எல்லாம் மாடி வீடுகள். வேக்யூம் கிளீனரைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கி ஆன்ட்டிக்கு இரண்டு முழங்காலும் வீங்கிவிட்டன. படிக்கட்டு இல்லாத ஓர் ஆபீசோ கிளினிக்கோ பிடித்துவிட்டால் அந்த முழங்கால்கள் பிழைக்கும். அங்கிளுக்கு இருந்த ஒரே கவலை அதுதான். வேனை ஆன்ட்டி எடுத்துப் போய்விடுவார். அதனால் செவ்வாய்தோறும் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரனான நான், மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவருக்கு டிரைவர் ஆனேன்.

“எங்க அங்கிள் போறோம்?”

“லெஃப்ட் எடுங்க தம்பி. மத்ததை அப்புறம் சொல்றேன்.”

முகவரி தெரிந்தால் நான் வேறு கிளீனிங் கம்பெனிக்குச் சொல்லிவிடுவேனாம். இறங்கும்போது என்னைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டுத்தான் போவார்.

அவர் வியாபாரம் பிடிக்கும் முறையே தனி. எந்த ஆபீசானாலும் வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு, பளீரென்ற வெள்ளை சாக்ஸோடு உள்ளே போவார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “நாம தொடைக்கப் போற எடத்துல ஷூவோட நடக்கறதுங்களா?” என்றார். உள்ளே ஒரு சுற்று நடந்துவிட்டு, மேனேஜர் முன்னால் காலைத் தூக்கிக் கறுத்துப்போன அடிப்பக்கத்தைக் காட்டுவார். வேறு விளம்பரம் கிடையாது. காரிலிருந்தே கண்ணாடிக் கதவு வழியாக நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு பல் கிளினிக்கில், வழி தவறி வந்த நோயாளி என்று நினைத்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். காலைத் தூக்கியதும் வாசலைக் காட்டினார்கள். ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் யாரோ ஷூவை எடுத்து, தொலைந்த பொருட்கள் பெட்டியில் போட்டுவிட்டார்கள். ஆகஸ்ட் வெயிலில் கொதிக்கும் பார்க்கிங் லாட்டில் சாக்ஸோடு துள்ளித் துள்ளி வந்தார். போட்டிக் கம்பெனியின் சதி என்பது அவர் முடிவு. என்னைப் பார்த்த பார்வையில், நான்தான் எடுத்தேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பிறகு ஒரு டேகேர். அங்கே கைக்குழந்தைகள் தவழும் அறைக்குள் ஷூவோடு போகக் கூடாது. வருகிற ஆட்களிடம் அதைச் சொல்லிச் சொல்லி டைரக்டர் அம்மாவுக்கு வாய் வலித்திருக்கிறது. இவரோ மெயின் வாசலிலேயே கழற்றிவிட்டு நின்றார். அந்த அறையில் நான்கு அடி நடந்து காலைத் தூக்கிக் காட்டியதும், அந்த அம்மா சாக்ஸைப் பார்த்தார், தவழும் குழந்தையைப் பார்த்தார், வேலைக்கு விண்ணப்பிக்கும் ஃபார்மை எடுத்து நீட்டினார்.

டேகேரில் நடந்தது எனக்குத் தெரிந்தது அடுத்த வாரம், அந்த அம்மாவே போன் பண்ணியபோதுதான். அங்கிளைப் பற்றி விசாரிக்க ஃபார்மில் ஒரே ஒரு பெயர் இருந்ததாம், என் பெயர். கட்டிடத்துச் சாவியை நம்பிக் கொடுக்கலாமா என்று கேட்டார். போகிற இடத்தைக்கூடச் சொல்லாத மனிதர் என்னைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இத்தனை மாதமாகத் தினமும் பார்க்கும் என்னையே நம்பாதவர் அவர்; அவரிடமிருந்து அந்தச் சாவியை யாரும் வாங்க முடியாது என்றேன். அது போதும் என்று அந்த அம்மா சிரித்தார்.

டேகேர் ஒரே தளம்தான்; இப்போது ஆன்ட்டி படியே ஏறுவதில்லை. துடைத்து முடித்ததும் அங்கிள் புது சாக்ஸோடு நடந்து பார்ப்பார். ஆன்ட்டி வேலையைக்கூட அவர் நம்புவதில்லை.

எங்கள் செவ்வாய்க்கிழமைகள் மட்டும் நிற்கவில்லை. இன்னும் இரண்டு இடம் பிடிக்க வேண்டுமாம். என் பெயரை எழுதியதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

“லெஃப்ட் எடுங்க தம்பி” என்கிறார். எங்கே என்று நானும் கேட்பதில்லை. அந்தக் குரல் பக்கத்து சீட்டிலிருந்து வராத செவ்வாய்க்கிழமைகளில் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.