ஓட வேண்டியவன் நான்தான்

"ஏங்க, நான் ஓடப் போறேன்" என்றாள் என் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை காலை. நான் அரைத் தூக்கத்தில் இருந்தேன். தூக்கிவாரிப் போட்டது.

"யாரோட?"

"பக்கத்து வீட்டுப் போஸ்ட்மாஸ்டரோட."

போர்வை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ரிட்டயராகிப் பல வருஷம் ஆன மனுஷன் அவர். கேட்டுக்கு வந்து பேப்பரை எடுப்பதற்குள் அதில் இருக்கிற செய்தி பழசாகிவிடும். அவரோடா?

"மாடி வீட்டு டெய்லரக்காவும் வர்றாங்க."

"கும்பலாவா?"

"அட ராமா! ரிலே ஓட்டங்க. காட்டுப் பாதையில, மலையைச் சுத்தி. ஒரு குழுவுக்கு நாலு பேர், ஆளுக்கு ஒரு பகுதி. ஓடி வர்றவர் கைப்பட்டையைக் கழட்டிக் குடுத்ததும் அடுத்தவர் மாட்டிக்கிட்டு ஓடணும். நாலாவது ஆள் நீங்க."

மறுபடி தூக்கிவாரிப் போட்டது. முதல் அதிர்ச்சியே தேவலை என்று தோன்றியது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் மெத்தைக் கடையில் விற்பனையாளன். வாடிக்கையாளர் முன்னால் படுத்துக் காட்டுவது என் வேலை. நான் படுக்கிற அழகைப் பார்த்துக் கட்டிலையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. கடை பத்து மணிக்குத்தான் திறக்கும் என்பதால் எட்டரை வரை தூங்குவேன். அதற்கு முன்னால் எங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. எழுந்து வந்தால் மேசைமேல் காபி இருக்கும், டிபன் இருக்கும். தானாக முளைக்கிறது போல என்று விட்டுவிட்டேன்.

"முடியாது" என்றேன் கம்பீரமாக, போர்வைக்குள்ளிருந்து.

"பயமா?"

அங்கேதான் என் நாக்கில் சனி உட்கார்ந்தது.

"பயமா? எனக்கா? நீங்க மூணு பேரும் போற வேகத்துக்கு, பட்டை என் கைக்கு வந்தே சேராது! நம்ம குழு மட்டும் ஓடி முடிச்சிடட்டும். காலையில எழுந்து காபி, டிபன், மத்தியானச் சாப்பாடு கட்டுறது எல்லாம் இனிமே என் பொறுப்பு. ஆயுசுக்கும்!"

"முடிக்கலேன்னா?"

"நான் ஒன்பதரை வரைக்கும் தூங்குவேன். நீ வாயே திறக்கக் கூடாது."

"சரி" என்றாள். உடனே சரி என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் எதற்கும் உடனே சரி சொன்னதில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் கடையில் புது ஸ்பிரிங் மெத்தைமேல் படுத்தபடி திட்டம் போட்டேன். அந்த ஓட்டத்தில் ஒரு விதி. கடைசி ஆள் கைக்குப் பகல் பன்னிரண்டுக்குள் பட்டை வந்தாக வேண்டும். வராவிட்டால் குழுவை அப்படியே நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆகவே கடைசி ஆள் நான். முதலில் போஸ்ட்மாஸ்டர். அடுத்து டெய்லரக்கா, தைக்கக் கொடுத்த துணி சொன்ன தேதியில் அவரிடமிருந்து திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை. மூன்றாவது என் மனைவி. தெருமுனைக்குப் போனால்கூட வழியில் இருக்கிற அத்தனை வாசலிலும் நின்று பேசிவிட்டுத்தான் வருவாள். இத்தனையும் தாண்டிப் பட்டை என்னிடம் வந்த மாதிரிதான்!

"வரிசையை நான் போடறேன்" என்றேன்.

"தாராளமா போடுங்க" என்றாள். அதற்கும் உடனே.

அந்த நாளும் வந்தது. என்னை மூட்டை மாதிரி வேனில் ஏற்றிக் கொண்டுபோய், மலையில் ஒரு பாறையடியில் இறக்கினார்கள். கடைசிப் பகுதி அங்கே தொடங்கி, மலையைச் சுற்றி, அதே பாறைக்கு நேர் கீழே மைதானத்தில் முடியும். மடக்கு நாற்காலியைப் போட்டேன். தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டேன். காற்று சுகமாக இருந்தது.

"ஏங்க! எழுந்திருங்க! பட்டை!"

கண்ணைத் திறந்தால் என் மனைவி. மூச்சுகூட வாங்கவில்லை. மணியைப் பார்த்தேன். பத்துகூட ஆகவில்லை.

"நீயா? அதுக்குள்ளயா? போஸ்ட்மாஸ்டருக்கு என்ன ஆச்சு?"

"அவர் எப்பவோ முடிச்சுட்டுக் கீழ பேப்பர் படிக்கிறார்."

"டெய்லரக்கா?"

"சொன்ன நேரத்துக்கு முன்னாலயே வந்துட்டாங்க. கையை நீட்டுங்க."

ஆரஞ்சுப் பட்டையை என் கையில் மாட்டிவிட்டாள். கண்முன்னால் அடுப்பு தெரிந்தது. ஆயுசுக்கும் அடுப்பு.

ஆனால் நான் லேசுப்பட்ட ஆளா? பட்டை என் கையில். நான் போய்ச் சேராமல் குழு எப்படி முடிக்கும்? "இதோ பறக்கறேன்!" என்று கையை ஆட்டிவிட்டு முதல் திருப்பம் வரை ஓடினேன். அங்கே வாகாக ஒரு புதர் இருந்தது. அதன் பின்னால் போய்ச் சாய்ந்தேன். யாரோ தடதடவென்று என்னைத் தாண்டி ஓடினார்கள். பாவம், எந்த வீட்டு ஜீவனோ என்று இரக்கப்பட்டபடியே தூங்கிப் போனேன்.

ஒலிபெருக்கி எழுப்பியது.

"விடியற்காலைக் குழு! வெற்றிகரமா ஓடி முடிச்சிருக்காங்க! பலமா கை தட்டுங்க!"

எங்கள் குழு! பெயர் வைத்தது என் மனைவி. ஏன் இப்படி ஒரு பெயர் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

எனக்குத் தலை சுற்றியது. நான் இங்கே புதரில் இருக்கிறேன். அப்படியென்றால் அங்கே ஓடி முடித்த நான் யார்? கையைக் கிள்ளிப் பார்த்தேன், வலித்தது. அப்போதுதான் பட்டையைச் சரியாகப் பார்த்தேன். அது என் மனைவி கொண்டைக்குப் போடுகிற துணி பேண்டு.

அன்றைக்கு நான் ஓடினேன் பாருங்கள் ஒரு ஓட்டம்! பாதையாவது ஒன்றாவது, பாறைச் சரிவிலேயே குறுக்காக இறங்கினேன். செருப்பு ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம். மைதானத்தில் மூன்று பேரும் கழுத்தில் பதக்கத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"மோசடி! ஓட வேண்டியவன் நான்!" என்று கத்தினேன்.

போட்டி நடத்துகிறவர் பதறிக்கொண்டு வந்தார். "சார், மெதுவா, மெதுவா. உங்களுக்கு உடம்புக்கு முடியலேன்னு உங்க வீட்டுல முதல்லயே சொல்லிட்டாங்க. முடியாதவருக்காகக் குழுவுல இன்னொருத்தர் ஓடலாம், விதியிலயே இருக்கு. உங்க பகுதியையும் அவங்களே ஓடிட்டாங்க. இப்ப எப்படி இருக்கு?"

"எனக்கு ஒண்ணுமே இல்ல சார்! நான் நல்லாத்தான் புதர்ல..."

நிறுத்திக்கொண்டேன்.

"புதர்ல?" என்றார் அவர். மூன்று பேரும் என் வாயையே பார்த்தார்கள்.

"புதர்ல... மயங்கிட்டேன்."

"நான்தான் சொன்னேனே சார்" என்றாள் என் மனைவி, அவரிடம் பரிதாபமாக.

அவர் எனக்கு ஒரு நாற்காலி போட்டுவிட்டுப் போனார். நான் போஸ்ட்மாஸ்டரைப் பிடித்துக்கொண்டேன். "எப்படி சார் இது? நீங்க எல்லாரும் எப்படி?"

"ஒரு வருஷமா தினமும் ஓடறோம் தம்பி. உங்க வீட்டு வாசல்லேருந்துதான் கிளம்புவோம்."

"நான் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லையே!"

"எட்டரைக்கு முன்னால நீங்க எதைத்தான் தம்பி பார்த்திருக்கீங்க?" என்றார் டெய்லரக்கா.

என் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் ஓடப் போனதும் தெரியாது, திரும்பி வந்து அவசர அவசரமாகச் சமைத்ததும் தெரியாது. கொடுத்த வாக்கை இனி விழுங்கவும் முடியாது.

"சரி, தோத்துட்டேன்" என்றேன். "நாளையிலேருந்து காபி நான் போடறேன். எழுந்திருச்சுத் தொலைக்கறேன். ஏழு மணிக்கு எழுந்தா போதுமில்ல?"

"நாலரைக்குங்க" என்றாள் என் மனைவி. "மூணு காபி. போஸ்ட்மாஸ்டருக்குச் சர்க்கரை வேண்டாம்."