எந்த டேபிளில் நிற்கிறது?

"எந்த டேபிள்ல நிக்குது?" என்று கேட்டார் பெனிஸ்டன்.

எமில்டா தோசையைத் திருப்பிப் போட்டாள். "அப்பா, அது இன்டர்ன்ஷிப் அப்ளிகேஷன். கன்டெய்னர் இல்ல."

"பத்தொம்பது நாளாச்சுல்லா? ஏதோ ஒரு டேபிள்லதான நிக்கணும்?"

"வரும்போது வரும். நீங்க மொதல்ல சாப்பிடுங்க."

"சாப்பிடுதேன், சாப்பிடுதேன்" என்றவர், அவள் அடுப்புப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்துத் தட்டிலிருந்த இரண்டு தோசையையும் மடித்துத் தன் டிபன் டப்பாவுக்குள் தள்ளி மூடினார். அது பதினொரு மணிக்கு ஜெயகணேஷ் வயிற்றுக்குள் போகும். ஜெயகணேஷ் அவர் ஆபீஸ் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். முப்பத்தெட்டு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. இந்த ஒன்றரை வருஷத்தில் அவன் ஆறு கிலோ ஏறியிருந்தான். பெனிஸ்டன் எட்டு கிலோ இறங்கியிருந்தார்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால்தான் அவர் மனைவி ஞானசௌந்தரி போய்ச் சேர்ந்தாள். இருபத்து நாலு வருஷம் எதிரில் உட்கார்ந்து, "இன்னும் ஒரு கரண்டி வச்சிக்கிடுங்க" என்று சொன்னவள். அந்தக் குரல் இல்லாமல் மனுஷனுக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. இதைப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? அதனால் சாப்பிட்டேன் என்று சொல்லிவிடுவார். அது சுலபமாக இருந்தது.

கப்பலில் வந்த சரக்கைத் துறைமுகத்திலிருந்து வெளியே எடுத்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் பெனிஸ்டன் இருபத்தெட்டு வருஷமாக வார்ஃப் கிளார்க். அந்த வேலையில் அவர் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. காகிதம் தானாக நடக்காது, ஆள் கூடவே நடக்கவேண்டும். எல்லாம் கம்ப்யூட்டர் ஆன பிறகும் அவர் நடந்துகொண்டுதான் இருந்தார்.

எமில்டா திருநெல்வேலியில் சட்டம் படிக்கிறாள், நாலாவது வருஷம். தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். சென்னையில் கப்பல், சரக்கு, ஒப்பந்தம் என்று கம்பெனி வழக்குகள் மட்டும் பார்க்கும் பெரிய சட்ட நிறுவனங்கள் இருக்கின்றன. கோடை விடுமுறையில் ஆறு வாரம் அங்கே பயிற்சிக்குப் போனால், பிடித்துப்போனவர்களை அப்படியே வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள். மூன்று நிறுவனங்கள் ஒரே மாதிரி நாலு வரி வருத்தம் தெரிவித்துவிட்டன. இது நாலாவது. இதுவும் போனால் அடுத்த வருஷம் பரீட்சையும் ப்ராஜெக்டும் தலைக்கு மேல் நிற்கும், அப்புறம் நேரமே இல்லை.

இந்த நாலாவதுக்கு அவள் எழுதிய கடிதத்தை பெனிஸ்டன் ஜெயகணேஷை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருந்தார். 'என் அப்பா மாட்டிக்கொண்ட சரக்கை வெளியே எடுப்பவர். அது ஏன் மாட்டிக்கொண்டது என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான்' என்று ஆரம்பித்திருந்தாள். இரண்டாவது தடவை முடியும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஞானசௌந்தரி ஆஸ்பத்திரியில் கடைசியாகத் தெளிவாகப் பேசியது, "பிள்ளைய இந்த வீட்டுக்குள்ளயே போட்டு அடைச்சிராதீங்க" என்பதுதான். அந்த ஒரு சரக்கையாவது ஒழுங்காக வெளியே அனுப்பிவிட வேண்டும் என்று இருந்தார் பெனிஸ்டன்.

பத்து நாளைக்கு முன்னால் எமில்டா போனைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றாள். என்னளா என்று கேட்டதற்கு, வெங்காயம் என்றாள். அன்றைக்கு வைத்தது ரசம். பிள்ளைக்கு நம்பிக்கை விட்டுப்போச்சு என்று அவர் புரிந்துகொண்டார். அன்று முதல் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஆபீஸுக்குப் போனதும் சென்னைக்குப் போன் போட்டார்.

"வணக்கம்மா. நான் தூத்துக்குடியிலேர்ந்து எமில்டா பார்ட்டிக்காகப் பேசுதேன்."

"எந்த பார்ட்டி சார்?" என்றது ஒரு பெண் குரல். பெயர் சரண்யாதேவி, ரிசப்ஷன்.

"இன்டர்ன்ஷிப் எமில்டா. ஃபைல் எந்த டேபிள்ல நிக்குதுன்னு மட்டும் சொல்லுங்க, மத்ததை நான் பாத்துக்கிடுதேன்."

"சாரி சார். கேண்டிடேட் விவரத்தை கேண்டிடேட்கிட்ட மட்டும்தான் சொல்வோம்."

"நான் அவ அப்பாதாம்மா."

"அப்பாவா இருந்தாலும் அப்படித்தான் சார்."

இப்படி மூன்று நாளில் ஏழு தடவை. ஏழாவது தடவை அந்தப் பெண், "சார், சாப்பிட்டீங்களா? போய்ச் சாப்பிட்டுட்டு வேலையப் பாருங்க சார்" என்றாள். அவள் குரலில் சலிப்பு இல்லை. இரக்கம் இருந்தது. பெனிஸ்டனுக்கு இரக்கம் என்றால் கதவு கொஞ்சம் திறக்கிறது என்று அர்த்தம்.

"கிறிஸ்துமஸுக்கு ஷிப்பிங் ஆபீஸ் பிள்ளைகளுக்கு மக்ரூன் குடுக்கோம்லா? அது மாதிரி ஒரு ரெண்டு கிலோ அனுப்பிருவோம்" என்றார் ஜெயகணேஷிடம்.

"இது ஏப்ரல் மாசம் அண்ணாச்சி" என்றான் ஜெயகணேஷ், எமில்டா கட்டிக் கொடுத்த புளியோதரையை மென்றபடி.

"பிரியத்துக்கு மாசம் உண்டா?"

முட்டை வெள்ளையும் முந்திரியும் போட்டு அன்றைக்குச் சுட்ட மக்ரூன் இரண்டு கிலோ பஸ் பார்சலில் போயிற்று. அதோடு விட்டிருக்கலாம். கை பழக்கம் விடுமா? எந்தப் பெட்டி வெளியே போனாலும் எதற்காகப் போகிறது என்று மேலே எழுதிப் பழகியவர், 'எமில்டா அப்ளிகேஷன் தொடர்பாக' என்று கொட்டை எழுத்தில் எழுதி, ஆபீஸ் முத்திரையையும் குத்தி அனுப்பினார்.

நாலாம் நாள் பெட்டி திரும்பி வந்தது. உள்ளே பாதி தூளாகியிருந்தது. கூடவே ஒரு கடிதம். ஜெயகணேஷ் வாசித்தான்.

"அண்ணாச்சி, விண்ணப்பம் சம்பந்தமா யாருகிட்டயும் பரிசு வாங்கக்கூடாதுன்னு அவங்களுக்கு விதி இருக்காம். இதைப் பதிவு பண்ணி வச்சிருக்கோம்னு போட்டிருக்கான்."

பெனிஸ்டன் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டார். "பதிவுன்னா? எம்பிள்ள பேர்லயா?"

"பேர் போடல."

"அப்போ பிள்ள பேர்லதான். மாதாவே, நான் என்ன காரியம் பண்ணிட்டேன்! உக்காருலே, பதில் அடி. அது பரிசே இல்லைன்னு அடி."

"பரிசு இல்லைன்னா அப்புறம் என்ன?"

இருபத்தெட்டு வருஷ அனுபவம் கைகொடுத்தது. வெளிநாட்டிலிருந்து மாதிரிக்கு வரும் சாமான்களுக்கு எழுதும் வாசகத்தை அப்படியே சொன்னார். "இலவச மாதிரி. விற்பனைக்கு அல்ல. இதற்கு வணிக மதிப்பு எதுவும் கிடையாது."

ஜெயகணேஷ் அடித்தான், ஆபீஸ் மெயிலிலிருந்தே அனுப்பினான். அந்த மெயிலின் அடியில் ஏஜென்சியின் பெயரும் முகவரியும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் என்பது இரண்டு பேருக்குமே தெரியும். ஆனால் அந்த நேரத்தில் நினைவில் வரவில்லை.

மறுநாள் காலையில் முதலாளி மந்திரமூர்த்தி அண்ணாச்சியின் அறையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது.

"ஏவே பெனிஸ்டன்!"

உள்ளே போனார்.

"நம்ம கையில இருக்கும்போது மழையில நனைஞ்ச முந்திரி கன்டெய்னர், நெனவிருக்கா?"

"இருக்கு அண்ணாச்சி."

"அந்த முந்திரிக்காரன் நம்ம மேல கேஸ் போட்டிருக்கது?"

"தெரியும் அண்ணாச்சி."

"அவனுக்கு வக்கீல் யாரு தெரியுமாவே?"

மந்திரமூர்த்தி ஒரு தாளைத் தூக்கி மேஜையில் போட்டார்.

"முந்திரி நனைஞ்சதுக்குக் கேஸ் நடத்துத ஆபீஸுக்கு முந்திரி மக்ரூன் அனுப்பிருக்கீரு! நம்ம முத்திரையக் குத்தி! அதுக்கு வணிக மதிப்பு இல்லைன்னு வேற எழுதிக் குடுத்திருக்கீரு! இனிமே எதுன்னாலும் வக்கீல் மூலமாப் பேசுங்கன்னு எனக்கு நோட்டீஸ் வந்திருக்குவே!"

"பிள்ளைக்காக அண்ணாச்சி…"

மந்திரமூர்த்திக்கும் பெண் பிள்ளைகள் உண்டு. குரல் இறங்கியது. "ஒரு வாரம் வீட்ல இரும். ஹார்பர் பக்கம் வராதீரும். ஆளப் பாத்தா காத்துல பறந்துருவீரு போல இருக்கு, நல்லாச் சாப்பிடும்."

வீட்டில் இருப்பது எப்படி? எமில்டாவுக்குத் தெரிந்துவிடுமே. காலையில் டப்பாவோடு கிளம்பிப் பழைய துறைமுகத்துப் பக்கம் போய், தோணிகளில் வெங்காய மூட்டை ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். டப்பாவைத் தின்ன ஜெயகணேஷும் இல்லை. திறந்து பார்த்தார். மேலே ஒரு அவித்த முட்டையை நாலாக வெட்டி வைத்திருந்தாள். ஞானசௌந்தரி இரண்டாகத்தான் வெட்டுவாள். அழுகை வந்தது. அங்கிருந்த நாய்க்கு வைத்துவிட்டு டப்பாவைக் கழுவினார்.

மத்தியானம் வழக்கம்போல எமில்டா கூப்பிட்டாள்.

"சாப்பிட்டீங்களாப்பா?"

"ஆச்சுளா."

"முட்டை எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு. ரெண்டு வச்சிருக்கலாம்."

"நாளைக்கு ரெண்டு வைக்கேன்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் அவருக்குப் பளிச்சென்று பட்டது. இத்தனை நாள் இது எப்படித் தோன்றாமல் போயிற்று! சரக்குக்காரன் வராவிட்டால் என்ன, அவன் கையெழுத்துப் போட்ட அதாரிட்டி லெட்டர் இருந்தால் ஏஜென்டிடம் எல்லாவற்றையும் சொல்லித்தான் ஆகவேண்டும். எந்த ஆபீஸிலும் அதுதானே முறை?

'என் விண்ணப்பம் தொடர்பான எல்லா விவரங்களையும் என் அப்பா பெனிஸ்டன் அவர்களிடம் தெரிவிக்கலாம்' என்று ஒரு கடிதத்தை ஜெராக்ஸ் கடையில் அடித்து வாங்கினார். சமையல் கேஸ் கனெக்‌ஷன் இன்னும் ஞானசௌந்தரி பெயரில் இருந்தது. அதை மாற்றும் படிவங்களுக்கு நடுவே இதைச் செருகி, அன்று மாலை எமில்டாவிடம் நீட்டினார்.

"அம்மா பேர எடுத்துட்டு உன் பேருக்கு மாத்தணும்ளா. எல்லாத்துலயும் ஒரு கையெழுத்து."

எமில்டா முதல் தாளில் அம்மாவின் பெயரைப் பார்த்தாள். அதற்குமேல் எதையும் பார்க்கவில்லை. ஐந்து தாளிலும் மளமளவென்று போட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாள். நாலு வருஷம் சட்டம் படித்த பிள்ளை வாசிக்காமல் கையெழுத்துப் போடுகிறது என்றால், நீட்டியவர் அப்பா என்பதால்தான். பெனிஸ்டனுக்கு நெஞ்சு குறுகுறுத்தது. ஆனாலும் தாளை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

கப்பல் வருகிறது, இரண்டு நாள் ஹார்பரிலேயே தங்கல் என்று சொல்லிவிட்டு ரயிலேறினார்.

மறுநாள் மத்தியானம் ஒரு மணிக்குச் சென்னையில் அந்தக் கண்ணாடி ஆபீஸில் நின்றார். ஏசி குளிரில் உடம்பு நடுங்கியது. ரிசப்ஷனில் இருந்தவள், கழுத்தில் அவர் மறந்துபோய் மாட்டியிருந்த துறைமுக பாஸைப் பார்த்தாள்.

"மக்ரூன் சார் நீங்கதானா?" என்றாள் சரண்யாதேவி.

"ஆமாம்மா."

அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "தூளானதுல ஒரு வாய் தின்னு பார்த்தேன் சார். அதை நான் பதிவு பண்ணலை." பிறகு முகத்தை மாற்றிக்கொண்டாள். "ஆனா நீங்க இங்க வரவே கூடாது. உங்க கம்பெனி மேல நாங்க நடத்துற கேஸ் இருக்கு."

"கம்பெனிக்காக வரலம்மா. அப்பனா வந்திருக்கேன்." அதாரிட்டி லெட்டரை இரண்டு கையாலும் எடுத்து வைத்தார். "முறைப்படி வந்திருக்கேன்."

அவள் கடிதத்தை வாங்கி வாசித்தாள். கம்ப்யூட்டரில் எமில்டாவின் விண்ணப்பத்தைத் திறந்து கையெழுத்தை ஒத்துப் பார்த்தாள். அப்போது பெனிஸ்டனின் போன் அடித்தது.

"அப்பா, சாப்பிட்டீங்களா?"

"இப்பதான்ளா ஆச்சு. ஹார்பர் கேன்டீன்ல மீன் குழம்பு."

"என்ன மீனு?"

"ஊளி."

"கப்பல் வந்துட்டா?"

"வந்துட்டு, வந்துட்டு. வச்சிருதேன்."

போனைப் பையில் போட்டுவிட்டு மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நேற்று மத்தியானம் குடித்த டீக்குப் பிறகு வயிற்றுக்குள் எதுவும் போகவில்லை. சரண்யாதேவி எழுந்து ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை.

"இங்க பாரும்மா. போன் போட்டது நான். மக்ரூன் அனுப்புனது நான். லெட்டர் போட்டது நான். பிள்ளைக்கு ஒண்ணுமே தெரியாது. பதிவு பண்ணினதை எல்லாம் எம்பேர்ல எழுதிக்கோங்க, தண்டனை என்னவோ அதையும் எனக்கே குடுங்க. எம்பொண்டாட்டி சாவும்போது பிள்ளைய வெளிய அனுப்பச் சொல்லிட்டுப் போனா. நானே கெடுத்துட்டேன்." குரல் உடைந்தது. "அவ அப்ளிகேஷன் எந்த டேபிள்ல நிக்குதுன்னு மட்டும் சொல்லிருங்க. நான் அங்க போய்க் கால்ல விழுந்தாவது எடுத்துக்கிடுதேன்."

சரண்யாதேவி திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

"எந்த டேபிள்லயும் நிக்கலை சார். நீங்க முதல் போன் பண்றதுக்குப் பத்து நாள் முன்னாடியே அவங்களை செலக்ட் பண்ணியாச்சு, அன்னைக்கே வரலைன்னு அவங்கதான் எழுதிட்டாங்க, காரணம்னு ஒரே ஒரு வரி போட்டிருக்காங்க: 'அம்மா போனதிலிருந்து அப்பா சாப்பிட்டேன் என்று பொய் சொல்கிறார், நானும் வந்துவிட்டால் அந்தப் பொய்யைக் கேட்கக்கூட வீட்டில் ஆள் இருக்காது.'"