முட்டலாம், பிடிக்கக் கூடாது

"எங்கய்யா போயிருந்தீங்க? ஆட்டமே தொடங்கப் போவுது" என்று கோச் ப்ரம்லி வெண்டெலின் கையைப் பிடித்து மைதானத்துக்குள் இழுத்தார்.

வெண்டெல் நடுவர் அல்ல, பல் டாக்டர். ப்ரம்லியின் மகள் மார்லாவைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் கேட்க வந்தவன். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையில் வந்ததுதான் பிழை. டெக்சாஸில் அமெரிக்கக் கால்பந்து நடக்கும் வெள்ளிக்கிழமை மாலை, நடுவர்கள் போடும் அந்தச் சட்டைக்காரனை யாரும் வேறு விதமாக நினைக்க மாட்டார்கள்.

மாமனாரைப் பகைப்பானேன் என்று விசிலையும், தப்பு நடந்தால் வீசுகிற மஞ்சள் துணியையும் வாங்கிக்கொண்டான். மைதானத்தில் இன்னொரு நடுவர், அதே கோடு போட்ட சட்டையும் நரைத்த மீசையும் கம்பீரமுமாக நின்றிருந்தார். அவர் இருக்க நமக்கென்ன கவலை என்று வெண்டெலுக்கு நிம்மதி.

பந்து நகர்ந்ததும் ப்ரம்லியின் முன்வரிசைத் தடியன் ஒருவன் எதிராளியை நெஞ்சில் முட்டித் தள்ளினான். வெண்டெல் பதறி மஞ்சள் துணியை வீசினான்.

"என்ன தப்பு?" என்றார் ப்ரம்லி.

"தள்ளிட்டான் சார்."

"தள்ளத்தான்யா அவனை நிறுத்தியிருக்கேன். முன்வரிசைல அஞ்சு பேருக்கும் அதான் பொழப்பு."

வெண்டெல் மீசைக்காரரைப் பார்த்தான். அவர் ஆழ்ந்து யோசித்துத் தலையசைத்தார். தண்டனை நிலைத்தது.

இனி எதையும் கண்டுகொள்வதில்லை என்று வெண்டெல் முடிவு செய்தான். பந்து எதிரணியிடம் போனது. அவர்களுடைய முன்வரிசைக்காரன் ப்ரம்லியின் பையனைச் சட்டையோடு கட்டிப் பிடித்து நிறுத்தினான். வெண்டெல் புன்னகைத்தான்.

"யோவ், கண்ணு அவிஞ்சு போச்சா? முட்டலாம், பிடிக்கக் கூடாது" என்று ப்ரம்லி கத்தினார்.

அதை மனப்பாடம் செய்தான். அடுத்து எதிரணிக்காரன் ஒருவன் ப்ரம்லியின் பையனை முதுகுப் பக்கமாக முட்டிச் சாய்த்தபோது, பிடிக்கவில்லையே என்று கட்டைவிரலை உயர்த்தினான்.

"முதுகுல முட்டக் கூடாதுய்யா" என்று ப்ரம்லி தொப்பியைக் கழற்றி மிதித்தார். மார்லா கைவிட்டுப் போனாள் என்று வெண்டெலுக்கு அழுகையே வந்தது.

கடைசி வாய்ப்பு. ப்ரம்லியின் அணி நாலு புள்ளி பின்தங்கியிருந்தது. எறிந்தவன் கை வழுக்கி, பந்து முன்வரிசைத் தடியன் மார்பில் வந்து விழுந்தது. ஆட்டத்தில் பந்தைத் தொட்டே அறியாத பிள்ளை, அதை அணைத்துக்கொண்டு எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடினான். ஆறு புள்ளி என்று வெண்டெல் இரண்டு கைகளையும் உயர்த்தினான்.

எதிரணி கோச் பாய்ந்து வந்தார். "முன்வரிசைக்காரன் பிடிக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"ஆளைத்தான் சார் பிடிக்கக் கூடாது. பந்தைப் பிடிக்கலாம்."

மீசைக்காரர் ஆழ்ந்து யோசித்துத் தலையசைத்தார். ஊரே மைதானத்தில் இறங்கிக் கூத்தாடியது.

ப்ரம்லி வெண்டெலைக் கட்டிக்கொண்டார். "தெய்வமே, யாருய்யா நீ?"

"மார்லாவைக் கட்டிக்க ஆசைப்படறவன் சார்."

"தாராளமா கட்டிக்க. ஆனா இன்னிக்கு வெளிய சொல்லாத. மருமகன்னு தெரிஞ்சா ஜெயிச்ச கப்பைப் பிடுங்கிடுவானுங்க."

மகிழ்ச்சியில் வெண்டெலுக்குக் கால் தரையில் பாவவில்லை. இருந்தும் மனசு உறுத்தியது. மீசைக்காரரிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மன்னிச்சிடுங்க சார். நான் நடுவரே இல்ல. உங்களை நம்பித்தான் ஒப்பேத்தினேன்."

அவர் ஆழ்ந்து யோசித்தார்.

"உங்களை நம்பித்தான் தம்பி நானும் தலையாட்டினேன். நான் மால்ல ஷூ விக்கிறவன், கோடு போட்ட கடை யூனிஃபார்மை மாத்தாம ஆட்டம் பாக்க வந்துட்டேன்."