ஊற்ற ஆள் தேவையில்லாத வெந்நீர்

செக்காலை, காரைக்குடி
16-2-1971

சிவகங்கையில் சீரோடு வாழும் என் மூத்த சகோதரி பொன்னுத்தாயி அவர்களுக்கு, இளையவள் முத்தழகு பணிவுடன் வரைந்துகொள்வது. இவ்விடத்தில் நானும், பிறந்து பதினோரு நாளாகிய பெண் சிசுவும் நலம். அவ்விடத்தில் தங்கள் நலம், அத்தான் நலம், தாங்கள் என்மேல் கொண்டுள்ள கோபத்தின் நலம் ஆகிய மூன்றையும் அறிய அவா.

இம்மடலின் நோக்கம் தங்களை அழைப்பது அன்று என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். தாயார் இல்லாத வீட்டில் பிள்ளைப்பேறு பார்ப்பது மூத்தவளின் கடமை என்று என் வளைகாப்பன்று தாங்கள் மொழிந்ததும், "அதற்கு நூலகத்தில் நூல் இருக்கிறது, எவர் கையும் எனக்கு வேண்டியதில்லை" என்று நான் விடையளித்ததும், "மளிகப் பொட்டலம் கட்டுன தாளப் படிச்சு வந்த புத்தியெல்லாம் பிள்ளப்பேறுக்கு ஒதவாதுடி" என்று தாங்கள் இலையில் கை வைக்காமல் எழுந்து போனதும் நான் மறக்கவில்லை. எனவே வர வேண்டியதில்லை. வந்தால்தான் தெரியக்கூடிய சில செய்திகளை மட்டும், தாங்கள் வராமலே அறிந்துகொள்ளும்பொருட்டு எழுதுகிறேன்.

மருத்துவமனையில் கொடுத்த மாத்திரைகள் தீர்ந்தன. இனி மாத்திரை தேவைப்படாது, காய்ச்சல் வந்தாலோ உதிரம் மிகுந்தாலோ உடனே வர வேண்டும், மற்ற வலிக்கெல்லாம் வெந்நீரும் துணியும் பொறுமையும் போதும் என்று செவிலி அம்மையார் கூறியனுப்பினார். குழந்தையின் தகப்பனாரோ எங்களை வீட்டில் இறக்கிவிட்டு, "நீ எழுதப் படிக்கத் தெரிஞ்சவ, சமாளிச்சுருவ" என்று சொல்லி, புதுவயல் ஆலையின் அரிசி லாரியை எடுத்துக்கொண்டு போனவர் இன்னும் திரும்பவில்லை. என் கல்வி இத்தகைய வேளைகளில் எனக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது.

சிசு பால் அருந்தும்போதெல்லாம் அடிவயிறு சுருட்டிப் பிடிக்கிறது. கருப்பை தன் பழைய அளவுக்குத் திரும்புகிறது, அது நல்லதே, வெந்நீரில் பிழிந்த துணியை வயிற்றில் வைத்துக்கொண்டு மூச்சை எண்ணி விடுக என்பது செவிலியின் அறிவுரை. வெறும் எண்களை எண்ணுவது சலிப்பாக இருந்தமையால் தமிழ் மாதங்களைச் சொல்லி மூச்சு விட்டேன். ஆவணிக்குள் சிசு உறங்கிவிடுகிறாள். எனக்குப் பங்குனி கடந்தும் வலிக்கிறது. தையல் போட்ட இடத்துக்காக, வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் அமர்ந்திருக்கச் சொன்னார். அமர்ந்தேன். எழக் கை கொடுக்க எவரும் இல்லாதபடியால் நாற்பது நிமிடம் அமர்ந்திருந்தேன். நீர் ஆறியது, சிசு அழுதாள், நானும் சிறிது நேரம் அவளுக்குத் துணையாக அழுதேன்.

வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்ட வேண்டும் என்று நூல் விதிக்கிறது. யார் கட்டுவது என்பதை அந்நூலாசிரியர் எழுதவில்லை. ஆகவே போன வாரம் பழைய நூல் சேலையின் ஒரு முனையைச் சன்னல் கம்பியில் முடிந்து, மறுமுனையை வயிற்றில் செருகி, சுழன்று சுழன்று சன்னலை நோக்கிச் சென்றேன். கட்டு மிக நேர்த்தியாக அமைந்தது. ஆனால் சன்னலோடு சேர்த்து அமைந்துவிட்டது. பக்கத்து வீட்டு அமீனா தெருவில் நின்று, "ஏத்தா முத்தழகு, சேலைய நீ கட்டுனியா, சேல ஒன்னயக் கட்டுச்சா?" என்று கேட்டுவிட்டு, உள்ளே வந்து அவிழ்த்துவிட்டாள்.

நேற்று இடுப்புக்கு வெந்நீர். அதைத் தனக்குத் தானே ஊற்றிக்கொள்ள இயலாது என்பதும், பின்னால் ஒருவர் நின்று உயரத்திலிருந்து ஊற்றினால்தான் வலி இறங்கும் என்பதும் தாங்கள் அறிந்தவை. நான் வாளியைக் கிணற்றுச் சுவர்மேல் வைத்து, அதன் அடிப்புறத்தில் கயிறு சுற்றி, கீழே குனிந்து அமர்ந்து இழுத்தேன். அடி என் பக்கம் வந்தது; தலை அந்தப் பக்கம் சாய்ந்தது. வாளியும் வெந்நீரும் கிணற்றுக்குள் போயின. கிணற்றுக்கு இடுப்பு வலி இருந்திருந்தால் தீர்ந்திருக்கும். சத்தம் கேட்ட அமீனா, "யா அல்லா! விழுந்துட்டியாத்தா?" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தாள்.

"விழுந்தது வாளி அமீனா, நான் இங்கிருக்கிறேன்."

"நல்ல ஆளுத்தா நீ! தள்ளு, நான் ஊத்துறேன். எனக்கென்ன கை இல்லையா?"

நான் இசையவில்லை. தாய்வீட்டார் ஊற்ற வேண்டிய நீரை அயலார் ஊற்றினால், முத்தழகுக்கு ஆளில்லை என்று தெரு பேசும். அப்பேச்சில் தங்கள் பெயரும் அடிபடும். அதற்காகவே மறுத்தேன். என் இடுப்பு வலி என்னோடு போகட்டும்.

ஆகையால் யாவும் செம்மையாக நடந்தேறி வருகின்றன. அத்தானுக்கு என் வணக்கமும் சிசுவின் கொட்டாவியும் உரித்தாகுக. தங்கள் சினம் தணிந்திருந்தால் ஆசி அனுப்பவும். தணியாவிடில் தபால்தலையை வீணாக்க வேண்டாம்.

இங்ஙனம்,
தங்கள் அன்பை என்றும் மதிக்கும்
முத்தழகு

பின்குறிப்பு: நேற்று அமீனாவுக்குச் சொன்ன காரணத்தை இங்கே மாற்றி எழுதிவிட்டேன். உண்மையில், நீங்கள் வந்துவிட்டதாக மூன்று நாளாக அவளிடம் சொல்லி வருகிறேன். பேருந்தில் வந்த அலுப்பு, உள்ளே படுத்திருக்கிறீர்கள் என்றேன்; நேற்று, எழுந்ததும் நீங்களே ஊற்றுவீர்கள் என்றேன். சொன்ன நாள் முதல் இருவருக்குச் சுறாப்புட்டு அனுப்புகிறாள். உங்கள் பங்கையும் நானே உண்கிறேன். இன்று காலை, "மூணு நாளா எந்திரிக்கவே இல்லயே, ஒங்க அக்காவுக்கு மேலுக்கு என்ன செய்யுது? டாக்டரக் கூப்புடவா?" என்று வாசலிலேயே நின்றுவிட்டாள். வெள்ளிக்கிழமை வந்து பார் என்று அனுப்பியிருக்கிறேன். அக்கா, அதற்கு முன்னால் வந்துவிடு. கொல்லைக் கதவு வழியாக வா. நீ எதுவும் பேச வேண்டாம், மன்னிக்கவும் வேண்டாம், ஊற்றினால் போதும். வெந்நீரை நானே போட்டு வைக்கிறேன்.